அம்மா நாவலைப் படித்துவிட்டு எழுதுவது எப்படி

அம்மாவையும் குடும்பத்தையும் பற்றிய ஒரு நல்ல நாவலைப் படித்து முடித்த கையோடு ஏதாவது எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றும். உட்கார்ந்தால் நாவலைப் பற்றி நாலு வரியும் நம் அம்மாவைப் பற்றி நாற்பது வரியும் வந்து நிற்கும், இல்லையென்றால் "அனைவரும் அவசியம் படிக்க வேண்டிய நூல்" என்று முடிகிற ஒரு பின்னட்டைக் குறிப்பு வரும். இரண்டுமே எழுதியவருக்கும் திருப்தி தராது, படிப்பவருக்கும் பிரயோஜனமில்லை. துப்பறியும் நாவலுக்கு இந்தச் சிக்கல் கிடையாது, ஏனென்றால் கொலைகாரன் எப்படி இருக்க வேண்டும் என்று நமக்குச் சொந்த அபிப்பிராயம் எதுவும் இல்லை. அம்மா எப்படி இருக்க வேண்டும் என்று எல்லோரிடமும் ஒரு பட்டியல் இருக்கிறது. புத்தகத்தைத் திறப்பதற்கு முன்பே அந்தப் பட்டியல் திறந்துவிடுகிறது. எழுதும்போது அதை என்ன செய்வது என்பதுதான் இங்கே சொல்லப்போகிற விஷயம், மற்றதெல்லாம் சின்னச் சின்ன வேலைகள்.

உதாரணத்துக்கு ஒரு நாவலை வைத்துக்கொள்வோம். தி. ஜானகிராமனின் 'அம்மா வந்தாள்'. 1966இல் வந்தது, இன்றும் கடையில் கிடைக்கிறது, இன்றும் படித்தவர்கள் சண்டை போடுகிறார்கள், அதனால் பயிற்சிக்கு இதைவிடத் தோதான நாவல் இல்லை. நீங்கள் எழுதப்போவது வேறு எந்த நாவலாக இருந்தாலும் சரி, செய்ய வேண்டியது ஏறக்குறைய ஒன்றுதான்.

முதலில் கதைச்சுருக்கம். இதைச் சீக்கிரம் முடித்துவிட வேண்டும். அப்பு சின்ன வயதிலேயே காவிரிக் கரையில் ஒரு வேத பாடசாலையில் கொண்டுவிடப்பட்டவன். அதை நடத்துகிறவர் பவானியம்மாள். அங்கேயே வளர்கிறாள் இந்து, சிறு வயதில் விதவையானவள், அப்பு மேல் உயிரை வைத்திருப்பவள். படிப்பு முடிந்து சென்னையில் இருக்கும் பெற்றோரிடம் திரும்பும் அப்புவுக்கு, தன் அம்மா அலங்காரத்துக்கும் வீட்டுக்கு வந்துபோகிற சிவசு என்பவருக்கும் உள்ள உறவு தெரியவருகிறது. அப்பா தண்டபாணிக்கு அது முன்பே தெரியும். தன்னை எதற்காக வேதம் படிக்க அனுப்பினாள் என்பதும் அவனுக்குப் புரிகிறது: பிள்ளை வேதவித்தாக வந்தால் தன் பாவம் கழியும் என்று அந்தத் தாய் நம்பியிருக்கிறாள். அவ்வளவுதான், இந்த அளவு போதும். முடிவைச் சொல்லலாமா என்று கேட்டால், அறுபது வருஷமாகப் பேசப்படுகிற நாவலின் முடிவைச் சொல்வதில் எனக்குத் தயக்கம் இல்லை, ஆனால் போன வருஷம் வந்த நாவல் என்றால் வாயை மூடிக்கொள்வது மரியாதை. சிலர் அத்தியாயம் அத்தியாயமாகக் கதை சொல்லி மூன்று பக்கம் நிரப்புவார்கள். தனக்கென்று சொல்ல எதுவும் கிடைக்காதபோது அப்படி நடக்கும். கதை நீளும்போதே உஷாராகிவிடுங்கள்.

படிக்கும்போதே செய்ய வேண்டிய ஒரு காரியம் இருக்கிறது. கையில் ஒரு பென்சில். அழகான வாக்கியத்துக்குக் கோடு போடுவதை எல்லோரும் செய்கிறோம், தி.ஜா.வுக்கு அப்படிப் போட ஆரம்பித்தால் புத்தகம் முழுக்கக் கோடாகத்தான் இருக்கும், அதனால் பெரிய லாபமில்லை. அதற்குப் பதிலாக, உங்களுக்குக் கோபம் வந்த இடத்தில் ஓரத்தில் சின்னதாக ஒரு புள்ளி வையுங்கள். "சே, என்ன பொம்பளை இவள்" என்று தோன்றிய இடம். "ஐயோ பாவம்" என்று தோன்றிய இடத்திலும் வையுங்கள். காரணம் எழுத வேண்டாம், படிக்கிற வேகம் கெட்டுவிடும். படித்து முடித்த அன்று ராத்திரி மனதில் கொதிப்பதை எல்லாம் ஒரு நோட்டிலோ போனிலோ கொட்டிவிட்டுத் தூங்குங்கள், அது உங்களுக்கு மட்டும். இரண்டு மூன்று நாள் கழித்துப் புத்தகத்தை எடுத்துப் புள்ளி வைத்த பக்கங்களை மட்டும் திருப்பிப் படியுங்கள். கட்டுரை அந்தப் பக்கங்களில்தான் இருக்கிறது.

அந்தப் பக்கங்களில் ஒவ்வொன்றிலும் கேட்க வேண்டிய கேள்வி: இந்த இடத்தை யார் கண் வழியாகப் பார்க்கிறேன்?

'அம்மா வந்தாள்' நாவலில் பெரும்பாலும் அப்புவோடுதான் நாம் நடக்கிறோம். ஊரிலிருந்து வந்து அந்தச் சென்னை வீட்டை அவன் பார்க்கிற பார்வைதான் நமக்குக் கிடைக்கிறது. அம்மாவின் அழகு, அவள் நடமாட்டம், அந்த வீட்டில் அவளுக்கு இருக்கும் ஆளுமை, சிவசு வந்தால் வீட்டில் ஏற்படும் மாற்றம், எல்லாம் பிள்ளையின் கண்ணுக்குப் பட்ட விதத்தில். அலங்காரம் தன் மனசைத் திறந்து பக்கம் பக்கமாகத் தன் பக்க நியாயத்தைச் சொல்லுவதில்லை. ஏன் சிவசு, எப்போதிலிருந்து, அவரிடம் அவளுக்கு என்ன கிடைத்தது, கணவரிடம் என்ன கிடைக்கவில்லை என்பதற்கெல்லாம் விலாவாரியான விளக்கம் இல்லை. அந்த வெற்றிடத்தை நிரப்புவது வாசகர்தான். திட்டுகிறவர் திட்டுக்குத் தேவையானதை வைத்து நிரப்புகிறார், பரிதாபப்படுகிறவர் பரிதாபத்துக்குத் தேவையானதை வைத்து நிரப்புகிறார், பிறகு இருவருமே "தி.ஜா. இப்படித்தான் சொல்கிறார்" என்று எழுதிவிடுகிறார்கள். தி.ஜா. பல இடத்தில் ஒன்றுமே சொல்லவில்லை.

இதைப் பிடிக்க ஒரு சின்னப் பயிற்சி உண்டு. ஏதாவது ஒரு காட்சியை எடுத்துக்கொண்டு, அதில் நடப்பதை மட்டும் அம்மாவின் பக்கத்திலிருந்து மூன்று நான்கு வரியில் நோட்டில் எழுதிப் பாருங்கள். சின்னப் பையனாக அனுப்பிய பிள்ளை வளர்ந்த ஆளாக வீட்டுக்குள் வருகிறான், அவன் முகத்தைப் பார்த்தால் அவனுக்கு ஏதோ தெரிந்துவிட்டது போல இருக்கிறது, சாப்பாடு போட வேண்டும், இந்த நேரத்தில் சிவசு வேறு வருகிறார். இப்படி எழுதும்போது நீங்கள் கற்பனை செய்ய வேண்டியிருக்கும் ஒவ்வொரு இடமும் நாவல் உங்களுக்குத் தராத இடம். கட்டுரையில் இந்த வரிகளைப் போடக் கூடாது, அது உங்கள் சரக்கு. ஆனால் எங்கே நாவல் பேசுகிறது, எங்கே நீங்கள் பேசுகிறீர்கள் என்ற எல்லை உங்களுக்குத் தெரிந்துவிடும்.

சரி, எழுத ஆரம்பிக்கலாம். இந்த நாவலுக்கு அடிக்கடி கண்ணில் படுகிற மாதிரியான ஒரு தொடக்கம் இது, நானே இட்டுக்கட்டியது:

"அம்மா என்றால் தெய்வம் என்று வளர்ந்த நமக்கு இந்த நாவல் பெரும் அதிர்ச்சி தருகிறது. அலங்காரம் போன்ற பெண்களும் சமூகத்தில் இருக்கத்தான் செய்கிறார்கள். தி.ஜா. தன் மாய எழுத்தால் நம்மைக் கட்டிப்போட்டுவிடுகிறார்."

முதல் வாக்கியத்தில் "நமக்கு" என்பது யார்? அம்மாவோடு பேச்சுவார்த்தையே இல்லாதவர்கள், அம்மாவைப் பார்த்தே இராதவர்கள், அம்மாவிடம் அடி வாங்கியே வளர்ந்தவர்கள் எல்லாம் நாவல் படிப்பதில்லையா? "எனக்கு" என்று மாற்றிப் பாருங்கள், உடனே ஏன் என்று விளக்க வேண்டிய கட்டாயம் வரும், அந்தக் கட்டாயம் நல்லது. இரண்டாவது வாக்கியம் அலங்காரத்தைக் கூண்டில் ஏற்றிவிட்டது. "போன்ற பெண்கள்" என்று சொன்ன கணத்திலேயே அவள் தனி ஆள் என்பது போய்விட்டது. மூன்றாவது வாக்கியத்தை எந்த எழுத்தாளர் பெயர் போட்டும் எழுதலாம், எனவே யாரைப் பற்றியும் அது ஒன்றும் சொல்லவில்லை.

புள்ளி வைத்த பக்கங்களிலிருந்து தொடங்கினால் இப்படி ஒரு பத்தி வரலாம்:

"சிவசு அந்த வீட்டுக்குள் வந்ததும் எனக்கு அப்புவைவிட அதிகமாக எரிச்சல் வந்தது. அலங்காரம் மேலும்தான். ஆனால் அதற்கு முன்பே, காவிரிக் கரையில் இந்து தன் ஆசையை அப்புவிடம் வெளிப்படையாகச் சொன்னபோது நான் அவள் பக்கம்தான் இருந்தேன், இவன் ஏன் இப்படி ஓடி ஒளிகிறான் என்றுதான் தோன்றியது. இந்துவும் ஊர் ஒப்பாத ஒன்றுக்குத்தான் ஆசைப்படுகிறாள். அலங்காரமும் அப்படித்தான். ஒருத்திக்குக் கணவன் இல்லை, இன்னொருத்திக்குக் கணவர் அதே வீட்டில் இருக்கிறார், அது சின்ன வித்தியாசம் இல்லை என்று தெரியும். என்றாலும் எனக்கு உறுத்தியது அது இல்லை. தண்டபாணிக்காக நான் ஒரு பக்கம்கூட வருத்தப்படவில்லை. அப்புவுக்காகத்தான் பட்டேன். என் கோபம் ஒரு மனைவி மேல் வந்ததில்லை, ஒரு தாய் மேல் வந்தது."

இதில் தீர்ப்பு எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். அலங்காரம் நல்லவளா கெட்டவளா என்று சொல்லவில்லை. எழுதியவர் தன் கோபம் எங்கே வந்தது, எங்கே வரவில்லை என்பதை இரண்டு இடங்களை ஒப்பிட்டுச் சொல்லியிருக்கிறார், அதைச் சொன்னதுமே நாவலின் அமைப்பைப் பற்றியும் ஒன்று சொல்லிவிட்டார்: ஒரே நாவலில் இரண்டு பெண்களின் ஆசையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றுக்கு நம்மைத் தலையாட்டவைத்து இன்னொன்றுக்கு முகம் சுளிக்கவைக்கிறார் தி.ஜா. இந்தப் பத்தியைப் படிப்பவர் ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை. "எனக்குத் தண்டபாணி மேல்தான் பாவமாக இருந்தது" என்று யாராவது சொன்னால் பேச்சு நல்லபடியாக ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். பெண்ணுக்குக் கொடுத்த சலுகையை அம்மாவுக்கு எங்கே நிறுத்தினோம் என்று தேடுங்கள். குடும்பம் பற்றிய எந்த நாவலிலும் இந்த இடம் ஒன்று இருக்கும், பெரும்பாலும் நடுப்பகுதியில்.

அப்புறம், வீட்டுக் கணக்கு. அம்மா நாவல் என்றாலே பாசம், தியாகம் என்று போய்விடுகிறோம். நாவலில் யார் சமைக்கிறார்கள், யார் காசு கொடுக்கிறார்கள், வீடு யார் பேரில் இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டு எழுதினால் பாதிப் பொய் போய்விடும். 'அம்மா வந்தாள்' பற்றி எழுதுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் பவானியம்மாளை மறந்துவிடுகிறார்கள். அப்புவுக்குச் சோறு போட்டு வளர்த்து ஆளாக்கியது அவர்தானே? பெற்றவள் ஒரு ஊரில், வளர்த்தவர் ஒரு ஊரில். பெற்றவளின் ரகசியம்தான் நாவலின் பரபரப்பு என்பதால் வளர்த்தவர் கண்ணில் படாமல் போகிறார். பவானியம்மாளை மட்டும் வைத்தே ஒரு முழுக் கட்டுரை எழுதலாம், யாராவது எழுதினால் நான் முதல் ஆளாகப் படிப்பேன்.

இமையத்தின் 'செல்லாத பணம்' நாவலுக்கு (2018இல் வந்து 2020ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்றது) இந்தக் கணக்கு இன்னும் அவசியம். தீக்காயம் பட்ட மகள் புதுச்சேரி ஜிப்மரில் கிடக்க, வெளியே காத்திருக்கும் பெற்றவர்களின் பேச்சிலும் அழுகையிலும் பெரும்பகுதி ஓடுகிற நாவல் அது. அங்கே அம்மா அழுவதை மட்டும் எழுதினால் ஒன்றும் எழுதாததற்குச் சமம். பணம் இருக்கிறது, செலவழிக்கத் தயாராக இருக்கிறார்கள், ஆனால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியவில்லை. வேண்டிய நேரத்தில் அந்தப் பெண்ணுக்கு எது மறுக்கப்பட்டது, அதில் அப்பாவின் பங்கு எவ்வளவு, அம்மாவின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கிற வாசகரின் குறிப்புக்குத்தான் மதிப்பு.

காலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய நாவலை இன்றைய கண்ணால் படிப்பதில் தப்பில்லை, படிக்காமலும் இருக்க முடியாது. ஆனால் "அந்தக் காலத்தில் அப்படித்தான்" என்று ஒரே வரியில் தாண்டிப்போவது சோம்பேறித்தனம். கொஞ்சம் தேடினால் நாவலுக்குள்ளேயே வெளிச்சம் போடுகிற தகவல் கிடைக்கும். விதவை மறுமணச் சட்டம் வந்தது 1856இல். ஆக இந்துவின் கதை வெளிவந்தபோது சட்டம் வழிவிட்டு நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. வழியை மறிப்பது வீடும் ஊரும், அப்புவின் மனசும்தான். இன்னொன்று, இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 497ஆவது பிரிவு. பிறர் மனைவியோடு உறவு வைத்திருக்கும் ஆண் குற்றவாளி, அந்தப் பெண்ணுக்குத் தண்டனை கிடையாது, பாதிக்கப்பட்டவராகக் கருதப்படுபவர் கணவர். கணவருக்குச் சம்மதமோ உடந்தையோ இருந்தால் குற்றமே இல்லை. 2018 செப்டம்பரில்தான் உச்ச நீதிமன்றம் இதைச் செல்லாது என்றது. இதைத் தெரிந்துகொண்டு தண்டபாணியின் மௌனத்தைத் திரும்பப் படியுங்கள். தெரிந்தும் பேசாமல் இருந்த மனுஷனைச் சட்டம் எந்தப் பெட்டியில் வைத்திருக்கும்? அலங்காரத்துக்கு அந்தச் சட்டத்தில் பேச ஓர் இடமாவது இருந்ததா? இப்படி ஒரே ஒரு தகவல், அது எந்தக் கதாபாத்திரத்தைத் தொடுகிறது என்று காட்டி, போதும். நாலைந்தை அடுக்கினால் பொதுஅறிவுக் கட்டுரை ஆகிவிடும்.

முழுசாகப் படிக்காமல் எழுதாதீர்கள் என்று சொல்ல வேண்டியிருப்பதே வருத்தம்தான், ஆனால் சொல்ல வேண்டியிருக்கிறது. பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010இல் வந்தது. குழந்தை இல்லாத தம்பதி காளியும் பொன்னாவும் படும் பாடுதான் அது. தாயாகாத பெண்ணை ஊர் என்ன செய்யும் என்பதை அவ்வளவு நெருக்கமாகக் காட்டிய நாவல் தமிழில் குறைவு. நாலு வருஷம் கழித்து 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் எதிர்ப்பு கிளம்பியபோது, சில பக்கங்கள் மட்டும் நகலெடுக்கப்பட்டு ஊரெல்லாம் சுற்றின. அந்தப் பக்கங்களை மட்டும் படித்தவருக்குப் பொன்னா தெரிந்திருக்க வழியே இல்லை. 2015 ஜனவரியில் இனி எழுதப்போவதில்லை என்ற பொருளில், எழுத்தாளர் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அவரே அறிவித்ததும், 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் மறுபடி எழுத வேண்டும் என்று தீர்ப்பெழுதியதும் எல்லோருக்கும் தெரிந்த கதை. பிடிக்காத புத்தகத்தைத் தூக்கிப் போடு, படித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை என்ற பொருளிலும் அந்தத் தீர்ப்பு பேசியது. தூக்கிப் போடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. தூக்கிப் போட்டதைப் பற்றிப் பத்திப் பத்தியாக எழுதுவதில்தான் ஆட்சேபம்.

இப்போது உங்கள் சொந்த அம்மா. அவரைக் கட்டுரைக்குள் கொண்டுவரலாமா? கொண்டுவரலாம், ஒரு நிபந்தனையோடு: அவரைப் பற்றி நீங்கள் சொல்வதால் நாவலின் ஏதோ ஒரு பக்கம் வேறு மாதிரி படிக்கப்பட வேண்டும். "என் அம்மாவும் விடியற்காலையில் எழுந்து எங்களுக்காக உழைத்தார்" என்பதால் எந்தப் பக்கமும் மாறாது. "என் அம்மா எங்களிடம் தன் சின்ன வயசைப் பற்றிப் பேசியதே இல்லை, அதனால் அலங்காரம் வாய் திறக்காதது எனக்கு ஓர் உத்தியாகத் தெரியவில்லை, வீட்டில் பார்த்ததாகவே தெரிந்தது" என்றால் மாறுகிறது. ஒரு வாக்கியம், அப்புறம் உடனே புத்தகத்துக்குத் திரும்பிவிட வேண்டும். சாதாரணமாகச் சொல்ல மறக்கிற விஷயம் இன்னொன்று: அம்மாவும் வாட்ஸ்அப்பில்தான் இருக்கிறார். சித்தி, பெரியம்மா, அண்ணி எல்லோரும் இருக்கிறார்கள். நீங்கள் எழுதியது குடும்பக் குழுவில் யாராவது ஒருவர் மூலம் போய்ச் சேரும், அதுவும் தப்பான நேரத்தில். வீட்டு விஷயம் எழுதுவதானால் முதலில் அவரிடம் காட்டிவிடுங்கள், வேண்டாம் என்று சொன்னால் எடுத்துவிடுங்கள். எழுத்துச் சுதந்திரம் எல்லாம் சரிதான், இங்கே பேச்சு அவருடைய வாழ்க்கையைப் பற்றியது.

இதன் மறுபக்கம், எழுத்தாளரின் அம்மாவைத் தோண்டுவது. "இது அவர் வீட்டில் நடந்ததா?" என்று ஆரம்பித்தால் கட்டுரை வம்பாகிவிடும். தி.ஜா. அகில இந்திய வானொலியில் வேலை பார்த்தார், 1979இல் 'சக்தி வைத்தியம்' சிறுகதைத் தொகுப்புக்குச் சாகித்திய அகாதெமி விருது பெற்றார் என்பதெல்லாம் அறிமுகத்துக்கு ஒரு வரி. அதற்கு மேல் அவர் குடும்பம் நமக்கு வேண்டாம்.

மேற்கோள் எடுப்பதைப் பற்றிச் சுருக்கமாக: ஒன்றிரண்டு போதும், உரையாடலாக இருந்தால் உத்தமம், ஏனென்றால் தி.ஜா.வின் பலமே பேச்சில் இருக்கிறது. புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்துக்கு எழுத்து அடியுங்கள். நினைவிலிருந்து எழுதினால் அவருடைய தஞ்சாவூர்ப் பேச்சு உங்கள் பேச்சாக மாறியிருக்கும், நீங்கள் கவனிக்கவே மாட்டீர்கள். ஒரே நாவல் பல பதிப்பகங்களில் வந்திருக்கும்போது பக்க எண் மட்டும் கொடுத்தால் யாருக்கும் உதவாது, எந்தப் பதிப்பு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், அல்லது எந்த அத்தியாயம் என்று சொல்லுங்கள்.

எந்த வயதில், எந்த நிலையில் படித்தீர்கள் என்பதையும் ஓரிடத்தில் சொல்லிவிடுவது நேர்மை. காலேஜில் படிக்கும்போது இந்த நாவலில் எல்லோரும் இந்துவோடுதான் போவார்கள். பிள்ளை பெற்ற பிறகு படிக்கிற பெண்ணுக்கு அலங்காரம் பிள்ளையை அவ்வளவு சின்ன வயதில் அனுப்பியதுதான் பெரிதாகத் தெரியலாம், சிவசு ஒரு பொருட்டாகவே தெரியாமல் போகலாம். வீட்டில் யாராவது இதே நாவலைப் படித்திருந்தால் எழுதுவதற்கு முன் அவரிடம் பேசுங்கள், முக்கியமாக நீங்கள் ஆணாக இருந்தால் ஒரு பெண்ணிடம். அவர் புள்ளி வைத்த இடமும் நீங்கள் புள்ளி வைத்த இடமும் ஒன்றாக இருக்காது. அந்த வித்தியாசத்தைக் கட்டுரையில் போடலாம், அவர் பெயர் போடாமல்.

முடிவைப் பற்றி எழுதும்போது தீர்வு தேடாதீர்கள். கடைசியில் அலங்காரம் பாடசாலைக்கு வருகிறாள், பிள்ளையைப் பார்க்கிறாள், காசிக்குக் கிளம்பிவிடுகிறாள். இதைப் பிராயச்சித்தம் என்று படிப்பவர்கள் உண்டு, விடுதலை என்று படிப்பவர்கள் உண்டு, பிள்ளையும் கைவிட்டதால் போகிறாள் என்று படிப்பவர்களும் உண்டு. உங்களுக்கு எது என்று சொல்லுங்கள், அதற்கு ஆதாரமான ஓரிடத்தையும் காட்டுங்கள். எனக்கு அது களைத்துப்போன ஒருத்தியின் புறப்பாடாகத்தான் தெரிகிறது: பிள்ளையை வைத்துப் போட்ட கணக்கு தப்பிப்போனதும், இனி தன் கணக்கைத் தானே பார்த்துக்கொள்ளப் போகிறாள். மூன்றும் சரிதான் என்று சமரசமாக எழுதினால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், யாரும் இரண்டாவது தடவை படிக்கவும் மாட்டார்கள்.

வெளியிடுவதற்கு முன் ஒரே ஒரு வேலை பாக்கி. கட்டுரையில் "தாய்மை" என்று எங்கெல்லாம் எழுதியிருக்கிறீர்களோ அங்கெல்லாம் அதை எடுத்துவிட்டு, அந்த அம்மாவின் பெயரையும் அந்த இடத்தில் அவள் செய்த காரியத்தையும் போட்டுப் பாருங்கள். "தாய்மையின் தவிப்பு" என்று இருந்தால், அலங்காரம் எந்தப் பக்கத்தில் என்ன செய்தாள், எதைப் பார்த்து உங்களுக்குத் தவிப்பு என்று பட்டது? பதில் கிடைத்தால் வாக்கியத்தைத் திருத்துங்கள். கிடைக்காவிட்டால் அந்த வாக்கியத்தை அடித்துவிட்டு, மிச்சமிருப்பதைப் போட்டுவிடுங்கள்.